குளித்துப் பார்த்துச் சொல்கிறவர்

வெந்நீர் சிலிண்டர் மாட்டுகிற ஆள் என்றால் கையில் டேப்பும் ஸ்பேனரும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கொண்டுவந்தது ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் ஒரு துண்டு, ஒரு கைலி, மூடி போட்ட சோப்புப் பெட்டி. மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்கியதும், செருப்பை வாசலில் ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு, "அக்கா, குளிக்கிற எடம் எங்க?" என்று கேட்டார். காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு கெட்டில் வெந்நி மட்டும் போட்டுக் குடுங்க. குளிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் ஆகாத பெண், நாற்பத்திரண்டு வயதானாலும் பெண் பெண்தானே. முன்பின் தெரியாத ஆம்பளை என் வீட்டுக்குள் வந்து துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

"எதுக்குக் குளிக்கணும்? அளந்து பாத்தாப் போதாதா?" என்றேன்.

"அளந்தாச் செவுரு தெரியும்க்கா. குளிக்கிறது தெரியாதே."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்தார். ஒரு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. "விடு பாப்பா, குளிக்கட்டும். இந்த வீட்டுல குளிக்கணும்னு ஆசப்படுற ஒரு ஆளாவது இருக்கானே" என்றார்.

அப்பா சொன்னதில் ஒரு குத்தல் இருந்தது. முந்தின வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பிறகு மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பேச்சும் திரும்பியது. அதிலும் வசவுதான் முதலில் திரும்பியது. இடது கை மட்டும் ஏதோ கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். அம்மா போய் வெகுகாலம். அண்ணன் சிங்கப்பூரில். இருப்பது நான் ஒருத்தி. பெற்ற தகப்பனைக் குளிப்பாட்ட மகளுக்கு என்ன கூச்சம் என்று பிறர் கேட்கலாம். எனக்குக் கூச்சம் இல்லை, அவருக்கு இருந்தது. ஒரே ஒரு நாள் முயன்றேன். கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் தலைவலி என்றார். அதற்கு மறுநாள் குளிராக இருக்கிறது என்றார். ரங்கூனில் அது வெயில் கொளுத்துகிற மாதம்.

பிறகு கீழ்வீட்டு கோ சோவை ஏற்பாடு செய்தேன். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற பர்மியர். காலையில் வண்டி எடுக்கும் முன்பு மேலே வந்து அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போவார். தங்கமான மனிதர், ஆனால் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது போலத் தேய்ப்பார். அப்பா குளியலை வாரத்துக்கு மூன்று நாளாக்கினார், பிறகு இரண்டாக்கினார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நானே குளிச்சுக்கிற மாதிரி ஒரு வழி பண்ணு பாப்பா. இல்லாட்டி என்னையக் குளிக்கவே சொல்லாத" என்றார். அப்பா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவர் கெஞ்சவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். 

அப்படித்தான் வீட்டைப் பிரித்துப் போட ஆரம்பித்தோம். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் பழைய கட்டடம், மூன்றாம் மாடி. குளியலறை பின்கோடியில், இரண்டு படி இறங்கி இருந்தது. அப்பாவின் அறையை ஒட்டிய சாமான் அறையை இடித்துப் புதுக் குளியலறை ஆக்குவது என்று முடிவு செய்தேன். தளம் போட்டு, ஓடு பதித்து, கதவும் வைத்தாயிற்று. டாக்டர் பச்சைத் தண்ணீர் கூடாது என்று சொல்லியிருந்ததால் வெந்நீருக்கு வழி பண்ண வேண்டும். அங்கேதான் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள்.

அண்ணன் தொலைபேசியில், சுவரில் மாட்டுகிற சின்ன ஹீட்டர் போதும், குழாயைத் திறந்த உடனே சுடுதண்ணீர் வரும், சிங்கப்பூரில் எல்லா வீட்டிலும் அதுதான் என்றான். அவன் ஊரில் கரண்ட் எந்நேரமும் இருக்கும். எங்களுக்கு ஆறு மணி நேரம் வரும், ஆறு மணி நேரம் போகும். வந்தால் தெருவே "மீ லாப்பி" என்று கத்தும், கரண்ட் வந்துவிட்டது என்று. வந்த கரண்டும் பல்புக்குள் சிவப்பாக ஒரு கம்பியைக் காட்டிவிட்டு நிற்கும். அப்பாவோ கரி போடுகிற செம்பு பாய்லர்தான் வேண்டும் என்றார். அவர் ரயில்வேயில் நீராவி இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டு, பிறகு ஷெட்டில் ஃபிட்டராகி ஓய்வு பெற்றவர். "முப்பது வருசம் பாய்லருக்கு முன்னால நின்னவன்கிட்ட வந்து டப்பாவ விக்கப் பாக்குறானுங்க" என்பார். மரத்தளம் போட்ட மாடியில், நான் ஆபீஸ் போன பிறகு, ஒற்றைக் கையால் கரி மூட்டப் போகிறாராம். நான் கடை கடையாக ஏறி இறங்கி, கரண்ட் இருக்கும்போதே காய்ச்சிச் சேர்த்து வைக்கிற நூறு லிட்டர் வெந்நீர் சிலிண்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். கியாக்டடாவில் என் ஆபீஸுக்குப் பக்கத்துக் கடைக்காரர்தான், "வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் குளிக்கிற ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று விலாசம் கொடுத்தார். சாமான் விற்கிறவனே அப்படிச் சொல்கிறானே என்று எனக்கு ஆச்சரியம்.

பர்மியர்கள் அவரை "யேச்சோ சயா" என்பார்கள். குளிக்கிற வாத்தியார் என்று அர்த்தம். தமிழர்கள் வெறுமனே குளிக்கிறவர் என்பார்கள். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். எழுதினால் கூச்சப்படுகிற ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, எப்போது பார்த்தாலும் தலை ஈரமாக இருக்கும். சில வருடம் கழித்துக் குடும்பத்தோடு மலேசியா போய்விட்டார். இப்போது அங்கே யார் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கிறாரோ.

அவரைப் பற்றிக் கதைகள் நிறைய உண்டு. சூலே பகோடாப் பக்கம் ஒரு விடுதிக்காரர் ஆறு அறைக்கும் சேர்த்து ஒரே பெரிய சிலிண்டரை மாட்டிவிட்டு, இது போதுமா என்று கேட்டதற்கு, இவர் ஒரு நாள் காலையில் போய் ஆறு அறையிலும் வரிசையாக ஆறு முறை குளித்தாராம். ஐந்தாவது அறையில் தண்ணீர் ஆறிவிட்டது. "நாலு பேருக்கு மேல ஆள் வந்தா அஞ்சாவது ஆளு ஒங்களத் திட்டுவான்" என்று சொல்லிவிட்டு, தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனாராம். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி. சந்தையில் பூக்கடை வைத்திருந்தார். "வீட்டுல மட்டும் குளிக்க மாட்டாருக்கா. எண்ணெ தேச்சு விட்டா, இன்னைக்கு மூணு தடவ ஆச்சும்பாரு" என்று அவர் குறைப்பட்டபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு பெரும்பாடு.

இன்னொரு வீட்டில் முதல் பேரக்குழந்தை பிறந்திருந்தது. நம் வீடுகளில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி? பெரியவள் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைப் போட்டுக்கொண்டு ஊற்றுவாள். அந்த வீட்டார் இடுப்பு உயரத்தில் குழாய் வைத்துத் தரச் சொன்னார்கள். இவர் சந்தைக்கு ஆளனுப்பி ஒரு பறங்கிக்காய் வாங்கிவரச் சொல்லி, குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, காயைக் காலில் போட்டு, எண்ணெய் தடவி, தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினாராம். குழாயை எட்டித் திறக்க எழும்பியபோது காய் நழுவி உருண்டு போய்விட்டது. அவ்வளவுதான், குழாய் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு இறங்கியது. அந்தப் பறங்கிக்காயை அவர்கள் சாம்பாரில் போட்டார்களா என்று நான் கேட்டதற்கு, "எண்ணெ வாசம் வருமேக்கா" என்று மிகவும் யோசித்துப் பதில் சொன்னார். கிண்டல் அவருக்கு எட்டவே எட்டாது.

எங்கள் வீட்டில் முதல் தடவை குளித்துவிட்டு வந்து, டீயை உறிஞ்சியபடி என்னிடம் கேட்டார்.

"நூறு லிட்டரு யாருக்குக்கா?"

"தீபாவளிக்கு அண்ணன் குடும்பம், அத்த குடும்பமெல்லாம் வருவாங்க. ஒம்போது பேரு விடியறதுக்குள்ள எண்ணெ தேச்சுக் குளிக்கணும்ல" என்றேன். இதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் பாத்திரம் வாங்கினாலும், பாய் வாங்கினாலும் தீபாவளிக் கூட்டத்தை வைத்துத்தான் வாங்குவார்கள்.

"மிச்ச நாளெல்லாம் யாரு குளிப்பா?"

"நானும் அப்பாவும்."

"அப்ப அம்பதே அதிகம். தீபாவளிக்கு அண்டாவுல காய்ச்சிக்கலாம். நூறு லிட்டரு காயுறதுக்குள்ள ஒங்க கரண்டு போயிரும். அம்பதுன்னா காஞ்சிரும், கெட்டியா உறை போட்டதா வாங்கினா மறுநா காலைல வரைக்கும் சூடு நிக்கும். அண்ணன் சொல்ற ஹீட்டரு கரண்டு இருந்தாத்தான் சுடும். ஐயா குளிக்கிற நேரத்துக்குக் கரண்டு வரும்னு யாரு சொல்ல முடியும்?"

எதை வாங்குவது என்பது முடிவாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க எப்படிக் குளிப்பீங்க?"

"இதென்னா கேள்வி? எல்லாரையும் மாதிரி, வாளில மொண்டு ஊத்தித்தான். குழாய்க்கு அடில நிக்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கெடையாது."

"மொள்ளுறது சோத்துக் கையில. சூடு பாக்குறது?"

அப்பா இடது பக்கச் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே காற்றில் செய்து பார்த்தேன். வலது கையில் குவளை. இடது கை தானாகவே வாளிக்குள் போகிறது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். நம்மில் யாரும் வலது கையால் சூடு பார்ப்பதில்லை, அதில்தான் குவளை இருக்கிறதே. அப்பாவின் இடது கை மடியில் கிடந்தது. அதற்கு உணர்ச்சி சுத்தமாகக் கிடையாது. கொதிக்கிற தண்ணீரில் விட்டாலும் அது அவருக்குச் சொல்லாது.

குளிக்கிறவர் எழுந்து, துண்டால் தன் இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மறுபடியும் குளிக்கப் போனார். இந்தத் தடவை வெகுநேரம் ஆயிற்று. குவளை விழுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. வெளியே வந்தபோது முகம் யோசனையில் இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழியனுப்பப் போன என்னிடம் மாடிப்படித் திருப்பத்தில் குரலைத் தாழ்த்தி, "ஐயாவுக்கு அந்தக் கையில சுட்டது எப்பக்கா?" என்று கேட்டார்.

"சுட்டதா? எங்க?"

"முழங்கைக்கு உள்பக்கம். ஆறிப்போன தழும்பு. சட்டைக் கைய இழுத்து விட்டுக்கிட்டாரு."

எனக்குத் தெரியாது. குளிப்பாட்டுவது கோ சோ, அப்பா வீட்டிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்ததை நான் வயசுக்கோளாறு என்று நினைத்திருந்தேன். கோ சோவைக் கேட்டபோது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார் என்றார். நான் ஆபீஸ் போயிருந்த ஒரு நாள், அப்பா அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை வைத்துக்கொண்டு தானே குளிக்கப் பார்த்திருக்கிறார்.  அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு முழுக்கைச் சட்டையைத் தேடுவார், வேறென்ன செய்வார்.

மறுநாள் குளிக்கிறவர் ஒரு பழைய நோட்டுத்தாளில் படம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சுடுதண்ணீருக்குத் தனிக் குழாய் கிடையாது. சூடும் பச்சையும் சுவருக்கு அந்தப் பக்கமே கலந்து, ஒரே குழாயில் பதமாக வரும். நான் பச்சைத் தண்ணீரை முனிசிபல் குழாயிலிருந்தும், சிலிண்டர் தண்ணீரை மட்டும் மொட்டைமாடி மேல்தொட்டியிலிருந்தும் இழுக்கச் சொல்லியிருந்தேன். மேல்தொட்டித் தண்ணீர் மிச்சமாகுமே என்று. அதைக் கேட்டதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"முனிசிபல் தண்ணி நடுவுல நின்னு போனா? ஐயா தலைல வெறும் சுடுதண்ணிதானேக்கா எறங்கும்? ரெண்டும் ஒரே தொட்டிலேர்ந்து வரணும். தொட்டி காலியானா பச்சையும் நிக்கும், சூடும் நிக்கும். சிலிண்டருக்குள்ள தண்ணி போனாத்தான் வெளிய தள்ளும்."

நான் குறைந்தபட்சம் உள்தாழ்ப்பாளையாவது கழற்றிவிடலாம், விழுந்தால் தூக்க வசதி என்றேன். அதற்குத்தான் அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "தாப்பா இல்லாட்டி எதுக்குக்கா இவ்வளவு வேலை? பிடிச்சுக்க ரெண்டு கம்பி வைக்கிறேன், ஒக்கார முக்காலி வைக்கிறேன். தாப்பா மட்டும் இருக்கட்டும்" என்றார். அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் விஷயத்தில் சந்தோஷம்தான், ஆனால் சூட்டுக்கு அளவு வைக்கிற விஷயம் அவர் மானத்தில் தைத்தது.

"எனக்கு எவ்வளவு சூடு வேணும்னு நீ செவுத்துக்குள்ள பூட்டி வைக்கிறியா? நான் என்ன பச்சப்புள்ளயா?"

குளிக்கிறவர் பதறவில்லை. "ஐயா, இஞ்சின்ல பிரஷரு ஏறிப் போச்சுன்னா என்னா ஆகும்?"

"சேஃப்டி வால்வு தொறந்து ஊதும்."

"அப்ப இஞ்சினு பச்சப்புள்ளயா?"

 "எந்த ஷெட்டுடா ஒங்கப்பன்?" என்று கேட்டார் அப்பா. அவருடைய அப்பா ரயில்வே இல்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் அன்றிலிருந்து கரி பாய்லர் பேச்சு நின்றுவிட்டது.

ஐம்பது லிட்டர் சிலிண்டரைச் செங்கல் சுவராகப் பார்த்து மாட்டி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. கடைசி நாள் காலையில், அது காய்ந்து நின்ற பிறகு, அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து, வலது கையைக் குழாய்க்கு அடியில் நீட்டச் சொன்னார். இவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வால்வைத் திருப்பினார். "இன்னும் கொஞ்சம்," "போதாது," "இப்ப சரி," "வேணாம், ஒரு நூல் கொற" என்று அப்பா ஆணையிட்டுக்கொண்டே இருந்தார். ஷெட்டில் அவர் ஆட்களை வேலை வாங்கிய குரல் அது. எல்லாம் முடிந்ததும் குளிக்கிறவர் வால்வின் பிடியைக் கழற்றித் துடைத்து அப்பாவின் கையில் கொடுத்தார். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். சூடு கூட்டணும் கொறைக்கணும்னா சொல்லியனுப்புங்க, வர்றேன்." அப்பா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் துண்டை எடுத்துக்கொண்டு கடைசிக் குளியல் குளிப்பாராம். அன்றைக்குக் கூடையைத் தொடவில்லை. "நான் குளிச்சா ஐயாவுக்குச் சூடு கொறஞ்சுரும்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

முதலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு வெகுநேரம் எதுவுமே கேட்கவில்லை. நான் கதவை நோக்கிப் போனேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார், ஆனால் அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. நேரம் போனது. முக்காலி வழுக்கியிருக்குமோ, கம்பி கையோடு வந்திருக்குமோ என்று எனக்கு என்னென்னவோ ஓடியது. அதற்குள் வண்டி எடுக்கும் முன்பு வழக்கம்போல் கோ சோவும் தோளில் துண்டோடு ஏறி வந்து எங்களோடு நின்றுகொண்டார். மூன்று பேரும் ஒரு மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் பொறுக்க முடியாமல் நான் தட்டினேன்.

உள்ளே குவளை வாளியில் இடித்தது. அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"ஆளிருக்கு" என்றார்.